குடுக்கையில் மீந்த தண்ணீர்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் குழாய் வருவதற்கு முன்னால் தண்ணீர் மாட்டு வண்டியில் வந்தது. பெரிய மரப் பீப்பாயைப் படுக்க வைத்துக் கட்டிய வண்டி. அதன் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டால் கூலிக்காரர் லைனில் இருக்கிற பெண்கள் எல்லோரும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவார்கள். ஞானசுந்தரி கல்யாணமாகி அங்கே வந்த வருஷம் அப்படித்தான் இருந்தது. ரயில்கூட அப்போது சுரங்கம் வரைக்கும் வரவில்லை. பவுரிங்பேட்டையில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, அரை நாள் குலுங்கிக்கொண்டு வர வேண்டும்.

அவள் அப்படித்தான் வந்தாள். மடியில் ஒரு கூடை, கூடைக்குள் ஒரு கோழி. சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட கோழி. ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் மிஷன் காம்பவுண்டில் அவளை வளர்த்த அத்தை, வண்டி கிளம்புகிற நேரத்தில் அதைக் கொண்டுவந்து கூடையோடு மடியில் வைத்துவிட்டாள். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது மாப்பிள்ளை பர்னபாஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஜோலார்பேட்டையில் வண்டி நின்றபோது இறங்கிப் போய், ஒரு இலையில் தண்ணீர் ஏந்திக்கொண்டு வந்து, கோழிக்கு முன்னால் பிடித்தான். கோழி குடித்தது. அவன் இலையைப் போட்டுவிட்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊர் வந்து சேருகிற வரைக்கும் அவளிடம் அவன் பேசியது மொத்தமாக மூன்று வார்த்தை இருக்கலாம்.

அவன் சுபாவமே அப்படி. கோபம் கிடையாது, குடி கிடையாது. பேச்சும் கிடையாது. ஷிப்டு முடிந்து வருவான், குளிக்கத் தண்ணீர் இருந்தால் குளிப்பான், இல்லாவிட்டால் ஈரத் துணியால் துடைத்துக்கொள்வான், கூழைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மிஷன் கோவிலுக்குப் போவார்கள். அவன் முன்னால் நடப்பான், அவள் பின்னால் நடப்பாள். பாட்டுப் பாடும்போது மட்டும் அவன் குரல் கணீரென்று கேட்கும். அதைக் கேட்பதற்காகவே அவள் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

வீடு என்பது மூங்கில் தட்டி. நாலு பக்கமும் தட்டி, மேலே புல் கூரை. அந்த மாதிரி வீடுகள் வரிசையாக நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். பாறையை இடிக்கிற மில்லின் சத்தம் பகலும் ராத்திரியும் நிற்காது. வந்த புதிதில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. பிறகு பழகிப்போனது. எப்போதாவது மில் நின்றுபோனால் திடுக்கிட்டு விழித்துக்கொள்கிற அளவுக்குப் பழகிப்போனது.

எதிர் வீட்டில் பாப்பம்மா இருந்தாள். சித்தூர்ப் பக்கத்துக்காரி. பேச்சில் பாதி தெலுங்கு. அவள் புருஷன் பெருமாளும் பர்னபாஸும் ஒரே ஷிப்டு, சுரங்கத்துக்குள் ஒரே ஆழத்தில் வேலை. பாப்பம்மாதான் ஞானசுந்தரிக்கு அந்த இடத்தின் ஒழுங்கையெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். தண்ணி வண்டிக்காரனிடம் எப்படி நிற்பது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் துவைக்க மட்டும் ஆகும், பருப்பு வேக வேண்டுமானால் எந்தத் தண்ணீரை எடுத்து வைக்க வேண்டும், எல்லாம்.

கோழிக்குப் புது இடம் பிடித்திருந்தது. பக்கத்து லைன் சேவலோடு திரிந்தது, முட்டை இட்டது. பங்குனி கடைசியில் அடைக்கு உட்கார்ந்தது. ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. ஞானசுந்தரிக்கு அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள். அவள் அந்த ஊருக்கு வந்த பிறகு அவளுடையது என்று சொல்ல ஏற்பட்ட முதல் விஷயம் அதுதான்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு காலைப் பொழுது துரைமார் பங்களாக்கள் இருக்கிற பக்கத்திலிருந்து ஒரு பெரிய நாய் அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தது. குஞ்சுகள் தட்டிக்குக் கீழே புகுந்துகொண்டன. கோழி ஓடவில்லை. சிறகை விரித்துக்கொண்டு நாயின் முகத்துக்கு நேரே பாய்ந்தது. ஞானசுந்தரி விறகுக் கட்டையோடு வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாய் ஓடிப்போனது. வாசலில் சாம்பல் நிற இறகு சிதறிக் கிடந்தது.

பாப்பம்மா வந்து பார்த்தாள். "பாபம்," என்றாள். பிறகு கூடைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த குஞ்சுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தாயில்லாத குஞ்சு ஞானா. ராவுல குளுரு, பகல்ல வெயிலு. ஒண்ணு ரெண்டு நிக்கும். ரொம்ப மனச வெச்சிடாதே."

ஆனால் மனசை வைப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை. கூடையில் பழைய புடவைத் துணியைப் பரப்பினாள். ராத்திரி அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பகலில் தட்டியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கூடையை நகர்த்திக்கொண்டே இருந்தாள். கேழ்வரகை இறைத்துப் போட்டாள். குஞ்சுகள் கொத்தின. தாய்க்கோழி இருந்தால் எதைக் கொத்த வேண்டும், எப்போது குடிக்க வேண்டும் என்று அதுவே கூப்பிட்டுக் காட்டியிருக்கும். இவள்தான் ஒவ்வொன்றாகப் பிடித்து, அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டினாள். வாய்விட்டுப் பேசிக்கொண்டே செய்தாள். "இந்தா, நீ குடி. நீ குடிச்சிட்டே, போ. ஏய் கருப்பி, உன்னிய நான் இன்னும் கூப்பிடல."

சித்திரை வெயில் ஏறியது. சுற்றிலும் மரம் என்று ஒன்று இல்லை. இருந்ததையெல்லாம் பாய்லருக்கு வெட்டிவிட்டார்கள். தட்டிக்குள் காற்று அடுப்பு மாதிரி நின்றது. குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கின. சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. காய்ந்த தானியம் இரைப்பையில் கல் மாதிரி உருண்டு நின்றது, இறங்கவில்லை. முதல் குஞ்சு செத்தது. அடுத்த நாள் இன்னொன்று.

அவள் தண்ணீரை ஒரு கொட்டாங்குச்சியில் வைத்திருந்தாள். அதைக் கவிழ்த்தன, மிதித்தன, எச்சம் போட்டன. நிமிஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டியிருந்தது. அகலமான தட்டில் வைத்தால் ஒன்று உள்ளே விழுந்து நனைந்து விறைத்துப்போனது. அதை முந்தானைக்குள் வைத்துச் சூடு கொடுத்துப் பிழைக்க வைத்தாள். அதற்குப் பிறகு தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லுக்கு நடுவில் தெரிகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினாள். அது சரிப்பட்டது. ஆனால் தண்ணீர் எங்கே இருக்கிறது? வண்டிக்குத் தண்ணீர் மொள்கிற ஏரி வற்றிக்கொண்டிருந்தது. வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றினார்கள். அவள் தன் குடிதண்ணீரில் பாதியைக் குஞ்சுகளுக்கு ஊற்றினாள். உதடு வெடித்துப்போயிருந்தது.

பர்னபாஸ் ஒரு சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டான். அவள் தன் சொம்பைச் சாய்த்துத் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போய்விட்டான்.

சுரங்கத்துக்குப் போகிறவர்கள் சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுபோவார்கள். வீட்டுத் தண்ணீரில் அவன் பங்கு அது. காலையில் வாய் வரைக்கும் நிரப்பி, துணிச் சுருளால் அடைத்து, தோளில் மாட்டி அனுப்புவாள். வரும்போது காலியாக வரும். அடுத்த நாள் அவன் திரும்பி வந்தபோது குடுக்கை கனத்தது. முக்கால்வாசி தண்ணீர் அப்படியே இருந்தது.

"இன்னாங்க, குடிக்கலியா?"

"மீந்துடுச்சி," என்றான். "கீழே ஜில்லுனு இருக்கும். தாகம் எடுக்காது. அதுங்களுக்கு ஊத்து."

அவள் சுரங்கத்தைப் பார்த்ததில்லை. பூமிக்கு அடியில் என்றால் கிணற்றுக்குள் இறங்கியது மாதிரி குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். சந்தோஷமாகத் தட்டில் ஊற்றினாள். குஞ்சுகள் ஏழும் ஓடி வந்தன. தலையைக் குனிந்து ஒரு வாய், அண்ணாந்து ஒரு விழுங்கு, மறுபடியும் ஒரு வாய். அவை குடிக்கிற அழகை அவன் நின்று பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சின்ன அசைவு தெரிந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒன்று.

அன்றிலிருந்து தினமும் குடுக்கையில் தண்ணீர் மீந்து வந்தது. குஞ்சுகள் தேறின. தொங்கின சிறகை மடக்கிக்கொண்டன. ஞானசுந்தரியும் தன் பங்குத் தண்ணீரைத் தானே குடித்தாள்.

ஒரு நாள் மத்தியானம் அவளும் பாப்பம்மாவும் நிழலில் உட்கார்ந்து நொய் புடைத்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கண் கூசியது.

"நம்ம ஆம்பளைங்க குடுத்து வெச்சவங்கக்கா," என்றாள் ஞானசுந்தரி. "மேல நாம வேகறோம். அவங்க கீழே ஜில்லுனு வேலை செய்றாங்க."

பாப்பம்மா முறத்தை நிறுத்தினாள். "ஜில்லுனா? யாரு சொன்னது?"

"அவருதான். தண்ணிகூட குடிக்கறதில்ல. அப்பிடியே கொண்டாந்துடறாரு."

பாப்பம்மா முறத்தில் இருந்த ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரு வேற மாதிரி இல்ல சொல்றாரு. காத்தே கெடையாதாம். வெடி போட்ட புகை அப்பிடியே நிக்குமாம். போயி சுத்தியலத் தூக்கினா கொஞ்ச நேரத்துல குடுக்கை காலியாம். உங்க ஊட்டுக்காரரு மட்டும் குடுக்கையத் தொடறதே இல்லியாம். பாறையில கசியற தண்ணியில துணிய நனைச்சி வாயத் தொடைச்சிக்கிறாராம். அந்தத் தண்ணிய வாயில வெக்க முடியாது ஞானா, அத்தனை கசப்பு. எங்க ஊட்டுக்காரரு தன் குடுக்கைய நீட்டினா வேணாம்னுட்டாராம். நேத்து உங்கவரு சுத்தியலக் கீழே வெச்சிட்டு அப்பிடியே உக்காந்துட்டாராம். இவருதான் கட்டாயப்படுத்தி ரெண்டு வாய் ஊத்தியிருக்காரு."

ஞானசுந்தரி எழுந்தாள். மடியில் இருந்த நொய் கொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. அடுப்பில் ஏற்றுவதற்காக முந்தின ராத்திரி கேழ்வரகு மாவும் நொய்யும் கரைத்து வைத்த சட்டி மூலையில் இருந்தது. அதையும் மறந்தாள். குஞ்சுக் கூடையைப் பாப்பம்மா பக்கம் தள்ளிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுரங்க வாய் இருக்கிற ஷாஃப்டுப் பக்கம் நடந்தாள்.

பெண்கள் அங்கே போவதில்லை. போனால் ஒரே காரணத்துக்குத்தான் போவார்கள், கீழே விபத்து என்றால். வேலிக்கு வெளியே அவள் வந்து நின்றதைப் பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் வந்து, "யாருக்கும்மா? ஒண்ணும் சேதி இல்லியே," என்று கேட்டார். அவள் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினாள். ஷிப்டு முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். சங்கு ஊதியது. பெரிய சக்கரம் சுற்றியது. ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வந்து நின்றது. சேற்றுப் பூச்சோடு ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொருத்தர் தொப்பியிலும் களிமண்ணில் குத்தி வைத்த மெழுகுவத்தியின் அடிக்கட்டை இருந்தது. வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்கினார்கள். முதலில் பெருமாளைத்தான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் பர்னபாஸ். உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. ஓடி வந்தான். "இன்னா ஆச்சி? இன்னாத்துக்கு இங்க வந்தே? ஊர்ல யாருக்காவது..."

"ஒண்ணுமில்ல. குடுக்கையக் குடுங்க."

அவன் புரியாமல் கழற்றிக் கொடுத்தான். அவள் துணிச் சுருளைப் பிடுங்கிவிட்டுத் திருப்பி நீட்டினாள். "குடிங்க."

"ஊட்டுக்குப் போயி..."

"இங்கியே. என் எதுருல."

கூட வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். பெருமாள் மட்டும் வேறு பக்கம் பார்க்கிறவன் மாதிரி திரும்பிக்கொண்டான். பர்னபாஸ் குடுக்கையைத் தூக்கினான். ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் மறுபடியும் தூக்கினான். இந்தத் தரம் நிறுத்தவில்லை. தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் எதிரில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திரும்பி நடக்கும்போது அவன் முன்னாலும் போகவில்லை, அவள் பின்னாலும் போகவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள்.

"குஞ்சு செத்தா இன்னொரு கோழி வெச்சிக்கலாம்," என்றாள் அவள். "உங்களுக்கு ஒண்ணு ஆனா நான் இன்னா பண்ணுவேன்? எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அவன் லைன் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்த பிறகுதான் சொன்னான்.

"நீ வந்ததுலேர்ந்து அதுங்ககிட்டதான் பேசற. நான் வந்தா நிறுத்திடற. எனக்குப் பேச வர்றதில்ல. சின்னதுலேர்ந்தே அப்பிடித்தான். நான் தட்டிக்கு வெளியில நின்னு கேட்டுகினு இருப்பேன். அதுங்க எல்லாம் செத்துப்போனா நீ ஊருக்குப் போறேன்னு கிளம்பிடுவியோன்னு இருந்தது."

அவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. நின்றுவிட்டாள்.

"வெளியில நின்னு இன்னா கேட்டீங்க?"

"கருப்பிய நீ திட்டறது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் கலந்துதான் வந்தது. "நான் எங்க போவேன்? ஊருக்குப் போற வண்டியில திரும்பவும் கோழிக் கூடைய மடியில வெச்சிகினு உக்காரணுமே."

அன்றைக்கு அவள் கூழ் காய்ச்சவில்லை. பாப்பம்மா கொடுத்த களியைச் சாப்பிட்டார்கள். அடுத்த நாள் பவுரிங்பேட்டையிலிருந்து பர்னபாஸின் உறவுக்காரர் வந்தார். அவருக்குச் சோறு வடித்ததில் மூலையில் இருந்த சட்டி மறுபடியும் மறந்துபோனது. அதற்கும் அடுத்த நாள் ஏதோ புளித்த வாடை வருகிறதே என்று மூடியைத் திறந்தாள். மாவும் நொய்யும் பொங்கி நுரை கட்டி, சட்டியின் விளிம்பில் வழிந்து நின்றது. குழந்தை மூச்சு விடுகிற மாதிரி சின்னச் சின்னக் குமிழ் எழும்பி உடைந்துகொண்டிருந்தது. நல்ல புளிப்பு. கெட்ட நாற்றம் இல்லை. ஆனால் மனிதர் குடிக்கிற பதம் தாண்டிவிட்டது.

கொட்டிவிடலாம் என்று சட்டியை வாசலுக்குத் தூக்கி வந்தாள். விளிம்பிலிருந்து கொஞ்சம் தரையில் சொட்டியது. கருப்பி முதலில் ஓடி வந்து கொத்தியது. தலையை உதறியது. மறுபடியும் கொத்தியது. அதைப் பார்த்து மற்றவையும் வந்து மொய்த்தன. அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து, தட்டில் உதிர்த்துப் போட்டாள். ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

சாயங்காலம் குஞ்சுகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இரைப்பை நிரம்பியிருந்தது. ஆனால் கல் மாதிரி இல்லை, பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. தண்ணீர்த் தட்டைப் பார்த்தாள். காலையில் ஊற்றியதில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. தீனியிலேயே தண்ணீர் இருந்ததால் குஞ்சுகள் அடிக்கடி தட்டுப் பக்கம் போகவில்லை. முன்பெல்லாம் பின்பக்கம் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டு இவள்தான் ஈரத் துணியால் துடைக்க வேண்டியிருக்கும். இரண்டு நாளில் அதுவும் நின்றுபோனது.

"புளிச்சது அதுங்களுக்கு ஒத்துக்குது," என்றாள் பர்னபாஸிடம். அவன் வந்ததும் சொல்ல வேண்டும் என்று மத்தியானத்திலிருந்து காத்திருந்த விஷயம் அது. "இனிமே உங்க குடுக்கை காலியாத்தான் வரணும். நான் முகர்ந்து பாப்பேன்."

"குடுக்கையில முகர்ந்தா இன்னா தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு அவள் சட்டிகளை மாற்றி மாற்றி வைத்தாள். ஒன்று தீனிக்கு, ஒன்று புளித்துக்கொண்டிருப்பது, ஒன்று புதிதாக ஊற வைத்தது. பழைய சட்டியின் புளித்த தண்ணீரைக் கொட்டாமல் புதுச் சட்டியில் ஊற்றினாள். அப்படி ஊற்றினால் சீக்கிரம் நுரைத்தது, தண்ணீரும் மிச்சமானது. எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. ஒரு சட்டியை இறுக்கி மூடி வெயில் படுகிற பக்கம் வைத்துவிட்டாள். மேலே இளஞ்சிவப்பாக ஒரு ஆடை படர்ந்தது. வாடையும் வேறாக இருந்தது. தானியத்தைக் கொட்ட மனசு வரவில்லை. ஆடையை எடுத்துவிட்டுக் கீழே இருந்ததைப் போட்டாள். மறுநாள் காலையில் இரண்டு குஞ்சுகள் கால் நீட்டிக் கிடந்தன. பர்னபாஸ் ஷிப்டுக்குப் போகும் முன்னால் தட்டிக்குப் பின்னால் குழி தோண்டினான். அவள் கூடவே நின்றாள். "தெரிஞ்சே போட்டேன்," என்றாள். "மூக்கு வேணாம்னுச்சி. கை போட்டுச்சி."

"இனிமே மூக்கு பேச்சக் கேளு," என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து தட்டில் மிஞ்சினதை மறுநாளுக்கு வைத்ததில்லை. சட்டியில் வாடை மாறினால் யோசிக்காமல் கொட்டினாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கோவில் விட்டு வந்ததும் அவன் ஒரு மூங்கிலைக் கொண்டுவந்து வாசலில் போட்டான். இரண்டு பக்கமும் கணு இருக்கும்படி அறுத்தான். மேல் பக்கத்தில் நீளமாகப் பிளந்து, குஞ்சின் தலை மட்டும் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டான். உருளாமல் இருக்க இரண்டு கல்லை முட்டுக் கொடுத்தான். அதில் தண்ணீர் ஊற்றினால் காலை வைக்க முடியாது, கவிழ்க்க முடியாது, எச்சமும் விழாது. குஞ்சுகள் வரிசையாக நின்று தலையை உள்ளே விட்டுக் குடித்தன. லைனில் இருந்தவர்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். பாப்பம்மா, "எங்களுக்கு ஒண்ணு அறுத்துக் குடுப்பா," என்றாள். அவளிடம் கோழியே கிடையாது. அதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த மூங்கிலை அறுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பர்னபாஸ் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். பஞ்ச வருஷத்தில் போனவள். ஆர்க்காட்டிலிருந்து கஞ்சித்தொட்டி இருக்கிற இடத்துக்கு நடந்துபோகிற வழியில், தண்ணீர் கேட்டுக் கேட்டு, கிடைத்ததையெல்லாம் அவனுக்கே கொடுத்தாளாம். ஞானசுந்தரி மூங்கில் தூள் ஒட்டின அவன் கையை ஒரு தரம் தொட்டாள்.

வைகாசி பிறந்து கொஞ்ச நாளில் மழை வந்தது. மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்து, காற்று புழுதியை வாரி அடித்தது. பிறகு முதல் சொட்டு. ராத்திரி ஷிப்டு வாரம், அதனால் பர்னபாஸ் வீட்டில்தான் இருந்தான். லைன் முழுக்கச் சனங்கள் வெளியே வந்துவிட்டார்கள். குடம், சட்டி, சொம்பு, கொப்பரை, கையில் அகப்பட்டதையெல்லாம் வாசலில் வைத்தார்கள். பெருமாள் தன் தொப்பியை மல்லாத்தி வைத்தான். குஞ்சுகளுக்கு மழை என்றால் என்னவென்று தெரியாது. பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. முதல் சொட்டு முதுகில் விழுந்ததும் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு ஐந்தும் ஐந்து பக்கம் ஓடின. இரண்டு ஞானசுந்தரியின் புடவைக்குள் புகுந்தன. கருப்பி ஓடிப்போய் பர்னபாஸின் இரண்டு காலுக்கு நடுவில் நின்றுகொண்டு தலையை நீட்டி வானத்தைப் பார்த்தது. அவன் அசைய முடியாமல் காலை அகட்டிக்கொண்டு மழையில் நின்றான். நின்றபடியே சிரித்தான். வாய்விட்டு, குலுங்கிக் குலுங்கி. கோவிலில் பாடுகிற அதே குரல் சிரிப்பிலும் இருந்தது.

ஐந்தும் வளர்ந்தன. மூன்று பெட்டை, இரண்டு சேவல். கருப்பி அடுத்த வருஷமே அடைக்கு உட்கார்ந்தது. அந்தக் குஞ்சுகளில் ஒரு ஜோடியைப் பாப்பம்மாவுக்குக் கொடுத்தாள் ஞானசுந்தரி. கொஞ்ச நாளில் லைனில் பாதி வீட்டில் சாம்பல் புள்ளிக் கோழிகள் திரிந்தன. எல்லா வீட்டு மூலையிலும் ஒரு புளித்த சட்டி இருந்தது. சாயங்காலத்தில் அந்த லைனுக்குள் நுழைந்தால் விறகுப் புகையும் புளித்த கேழ்வரகும் சேர்ந்து ஒரு வாடை வரும். அந்த வாடை வேறு எந்த லைனிலும் இல்லை.

பிறகு என்னென்னவோ வந்தது. ரயில் வந்தது. பிள்ளைகள் இரண்டு பிறந்தார்கள். பெருமாளுக்கு நெஞ்சு சரியில்லாமல் போய், அவனும் பாப்பம்மாவும் சித்தூர்ப் பக்கமே திரும்பிவிட்டார்கள். போகிற அன்றைக்குப் பாப்பம்மா கோழிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் பேசிக்கொண்டே போனாள். காவேரியிலிருந்து கம்பி வழியாகக் கரண்டு வந்து மில் ஓடியது. பேத்தமங்கலத்து ஏரித் தண்ணீர் குழாயில் வந்தது. தட்டி வீடுகளையெல்லாம் பிரித்துவிட்டு ஜனங்களை வேறு லைனுக்கு மாற்றினார்கள். ஓடு போட்ட, மண் சுவர் வைத்த வீடு. நல்ல வீடு. தெருக்கோடியில் குழாய். வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

பழைய லைன் இருந்த இடத்தில் மில்லில் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சுகிற மண்ணைக் கொட்ட ஆரம்பித்தார்கள். வருஷத்துக்கு வருஷம் அது உயர்ந்தது. இப்போது அது ஒரு வெள்ளை மலை. காற்றடித்தால் அதன் மேலிருந்து மாவு மாதிரி தூசி பறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிற வழி அதன் ஓரமாகத்தான் போகிறது. பிள்ளைகள் முன்னால் ஓடுவார்கள். அந்த இடம் வந்ததும் பர்னபாஸ் கொஞ்சம் மெதுவாக நடப்பான். ஞானசுந்தரியும் மெதுவாக நடப்பாள். "எதிர் வீடு இங்கதானே," என்பாள் சில நாள். "இல்ல, இன்னும் ரெண்டு தப்படி அந்தப் பக்கம்," என்பான் அவன். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். அங்கிருந்து கோவில் வாசல் வரைக்கும் எந்த வீடு எங்கே இருந்தது, யார் வாசலில் வண்டி முதலில் நின்றது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவார்கள். அநேகமாக அவன்தான் அதிகம் பேசுவான்.